மண் பார்க்கும் படலம்

"பாட்டெல்லாம் வேணாம். பொண்ணு நிலத்த கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா கோதண்டராமன்.

நித்யஸ்ரீக்கு வேலையே அதுதான். மண் வரைபடத்திலிருந்து உப்பு, களி, ஆழம் எல்லாவற்றையும் எடுத்து ஒரு மென்பொருளுக்குக் கொடுப்பாள். அது கணினிக்குள்ளேயே விதைத்து, மழை பெய்யவிட்டு, அறுத்துக் காட்டும்.

அவள் பேருக்கு எழுதப்போகிற பேரணாம்பட்டு நிலத்தில் தோல் பதனிடும் டேனரிகளின் உப்புத் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று தெரிந்தால்தான் தட்டு மாற்றுவார்களாம். தங்களுக்கு ஆம்பூரில் அஞ்சு ஏக்கர் சும்மாவே கிடக்கிறது, நிலத்துக்கு ஒன்றும் அலையவில்லை என்றும் அவர் சொல்லி வைத்தார்.

நித்யஸ்ரீயின் அப்பா லோகநாதன் மகளைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார். இந்த வரனும் தட்டிப்போகக் கூடாது.

பட்டுப்புடவையோடு மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு சர்வே எண்ணைத் தட்டினாள். திரையில் சதுரம் சதுரமாக மண் நிறங்கள். மாப்பிள்ளை பிரேம்நாத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். அவள் முகத்தைக்கூட அவன் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

தட்டில் கேசரி ஆறுவதற்குள் முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் வேர்க்கடலை முளைத்தது, மஞ்சளானது, செத்தது. அத்தனை வருஷமும் இவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததுபோல் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"உப்பு இவ்ளோ ஜாஸ்தியா?" கோதண்டராமன் எழுந்துவிட்டார். "இந்த மண்ண வச்சினு எங்கள ஏமாத்தப் பாத்தீங்களா? இந்த மாதிரி நிலம் வச்சினுகீறவன் வீட்ல பொண்ணு எடுக்கறதும் தப்பு, பொண்ணு குடுக்கறதும் தப்பு."

பிரேம்நாத் மீதிக் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனான்.

கார் கிளம்பிய பிறகும் லோகநாதன் வாசலிலேயே நின்றார். "போன மாசம்தானம்மா அதுல மூட்டை மூட்டையா கடலை எடுத்தோம்? இன்னா இப்டி பேஜார் பண்ணுது உன் மிஷினு?"

"மிஷின் சரியாத்தான் சொல்லுது. நான் வாழப்போற எடத்த நான் பாக்க வேணாமாப்பா?" நித்யஸ்ரீ மடிக்கணினியை மூடினாள். "ஜாதகத்தோட அவங்க சொத்து விவரம் அனுப்பியிருந்தாங்களே. நான் போட்டது ஆம்பூர் நிலத்தோட நம்பரு."