ஐம்பத்தெட்டில் முதல் பரிசோதனை

மார்கழிப் பனி கரும்புத் தோகைகளில் கனத்திறங்க, கோயில் பதிகம் ஈரக்காற்றில் மெல்லக் கரைந்த விடியல் அது. உறுவையாறு கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் வந்த சிங்காரவேலு, மருத்துவமனையில் தம் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தார்.

“வருசா வருசம் செக்கப்புக்கு வாப்பான்னு பொண்ணு கெஞ்சனப்ப சிரிச்சியே! இன்னைக்கு மொத ஆளா வந்து குந்திக்கினியா?” என்றாள் மனைவி விஜயகுமாரி.

“ஒடம்பு கல்லு மாரி இருக்குதுடி. கொறையில்லன்னு டாக்டரு ஒரு வார்த்த சொல்லிட்டா போதும்.”

அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஒரு வாரமாய் உறங்கவில்லை.

மருத்துவர் அழைத்தார். “ஐயா, ரத்தக்கொதிப்பு உங்களுக்குப் பல வருஷமா இருந்திருக்கு. வலியே காட்டாம ரெண்டு கிட்னியையும் கெடுத்துடுச்சு. முன்னாடியே பார்த்திருந்தா மாத்திரையிலயே தடுத்திருக்கலாம்.”

“என்னை வுடுங்க சார். எம் பொண்டாட்டி ரத்தம் பொண்ணுக்குச் சேரலன்னீங்க, என்னுது சேருதே! ஒண்ண எடுத்து எம் மவளுக்கு வச்சிடுங்க.”

“குடுக்கிற நிலைமையில உங்க கிட்னி இல்லைங்க.”

அவர் பக்கத்து அறைக்குள் நுழைந்ததும், டயாலிசிஸ் படுக்கையில் கிடந்த மகள் இளவரசி கண் திறந்தாள். “டாக்டரு இன்னாப்பா சொன்னாரு?”

சிங்காரவேலு மடியிலிருந்த திருநீற்றை எடுத்தார். ஈசன் பெயரை நெஞ்சுக்குள் சொல்லி, மகளின் நெற்றியில் பூசினார்.

“நூறு வயசு நல்லா இரும்மா.”