பொறி வராத இரண்டு பிளக்குகள்

மெக்கானிக் தேவசகாயம், கிளம்ப மறுத்த பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் மாட்டிப் பார்க்கவென்றே தனியாக வைத்திருந்த பிளக்கை அதன் இடத்தில் முறுக்கினார்.

"பார்த்துக்கோ தம்பி, ஒரே உதைதான்," என்றது சோதனை பிளக். "நான் போய் ஓடாத வண்டி இந்த ஊர்ல கிடையாது."

"ஓடிட்டா என்னைக் குப்பையில போட்டுருவாரேண்ணே," என்றது தரையில் கிடந்த பிளக்.

பத்து உதை உதைத்தும் வண்டி உறுமக்கூட இல்லை. தேவசகாயம் சோதனை பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து, பொறி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. இனி நமக்கும் குப்பைதான் என்று நினைத்தது அது.

"இதுலயே பொறி வரலைன்னா, பிளக்குக்குக் கரண்ட் அனுப்புற காயில்ல இருந்தே ஒண்ணும் வரலைன்னு அர்த்தம்," என்றார் அவர் வண்டிக்காரரிடம்.

சோதனை பிளக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கேட்டியா? நான் எரியாததுக்கே எவ்வளவு மரியாதை!"

"காலையிலேர்ந்து நானும் அதையேதானேண்ணே சொன்னேன்? என்னைக் கழற்றிப் போட்டுட்டாரே."

"நீ சொன்னா அது கோளாறு, தம்பி. நான் சொன்னா அது தீர்ப்பு."

தேவசகாயம் புதுக் காயிலை மாட்டினார். பிறகு குனிந்து, தரையில் கிடந்த பிளக்கை எடுத்து, அதன் கரியை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார்.