ஒரே ஒரு குப்பி

கடத்தலில் பிடிபடும் கதிரியக்கப் பொருள் எந்த ஊர் மண்ணிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க, அரசு ஆறு மாடியில் ஆய்வகம் கட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க ஊர் ஊராக மண் சேகரிக்கத்தான் ஒரு மகானுக்கும் நேரமில்லை. திறப்பு விழாவன்று அலமாரி காலியாக இருக்கக் கூடாதென்று, விஞ்ஞானி பெல்சி குமரிக் கடற்கரையில் அம்மா வீட்டு வாசல் மணலை ஒரு குப்பியில் அள்ளிவந்து வைத்தாள். மூன்று வருடமாக அந்த ஒரு குப்பிதான்.

வேறெதையும் அறியாத கருவி, எந்தத் துறைமுகத்தில் எது பிடிபட்டாலும் அந்த வாசலையே காட்டியது. போலீஸ் ஏழாவது முறையாக அம்மாவைக் கூட்டிப்போனது.

பெல்சி இயக்குநரிடம் ஓடினாள்.

"மெஷின் பொய் சொல்லுமாம்மா?" என்றார் அவர், விருது விழாவுக்கான கோட்டைப் போட்டுப் பார்த்தபடி.

ஸ்டேஷனிலிருந்து அம்மா மகளுக்குப் போன் செய்தாள். "மக்களே, இந்தத் தடவ நான் எந்த நாட்டுக்குக் குண்டு வித்தேனாம்?"