பூனை கழுத்தில் களைப்புப் பட்டை

மேசையருகே அப்பா இருளப்பன், எதிரே அம்மா செண்பகம், தரையில் புத்தகங்களுக்கு நடுவே பன்னிரண்டாம் வகுப்பு மங்கை, சன்னலில் பூனை. மாணவரின் களைப்பை அளக்கப் பள்ளி கொடுத்த பட்டை பூனையின் கழுத்தில் இருந்தது. மங்கை கட்டினால் களைப்பு எல்லை மீறி, இணையத்தில் அவளுடைய பாடங்கள் பூட்டிக்கொள்ளும். பூனைக்குக் கட்டுவது அப்பாவின் யோசனை.

அன்று பள்ளியிலிருந்து பாராட்டு வந்தது: "மாணவி நிம்மதியாக இருப்பதால் கூடுதலாக இரண்டு பாடங்கள்."

"பூனை ஃபர்ஸ்ட் மார்க் எடுத்துரும் போலயே!" என்று அப்பா சிரித்தார்.

மங்கை பேனாவைக் கீழே வைத்தாள். "என்னால முடியலப்பா."

"அத ஸ்கூலுக்கு எழுது," என்றாள் அம்மா.

"பரீட்சைக்கு விடமாட்டாங்களேம்மா?"

"விடாட்டிப் போகட்டும். நீ நல்லா இரு."

"ஐயா, இத்தனை நாளும் தூங்கியது எங்கள் பூனை, நானல்ல," என்று மங்கை எழுதினாள். பட்டையையும் கழற்றி உள்ளே வைத்து உறையை ஒட்டினாள். அதைத் தபாலில் போட அப்பாவே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.