அக்கா நிரப்பிய தோட்டா

“சாகப் போறது நீயா, அவனா?” லொரீன் போட்ட கூச்சலில் ஷெல்பி திரும்பிப் பார்த்தாள்.

ஜல்லிக் குழிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த இரும்புத் தட்டு அசையவே இல்லை. துப்பாக்கியும் வெடிக்கவில்லை, ‘கிளிக்’ என்றதோடு சரி. ஆனால் ஷெல்பியின் மணிக்கட்டு மட்டும் கீழே குத்தியிருந்தது.

“பாத்தியா? உள்ள இருந்தது டம்மி, மருந்தே கிடையாது. வெடிக்கப் போகுதுன்னு நீயா பயந்து கையை அமுக்குற. இப்படிச் சுட்டா டேரலா விழுவான்? அவன் பூட்ஸ்தான் ஓட்டையாகும்!”

ஷெல்பிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் தாடையை உடைத்துவிட்டுச் சிறைக்குப் போன முன்னாள் புருஷன் டேரல், இன்று காலை ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். அமெரிக்காவின் வயோமிங்கில் அவள் இருக்கும் மூலைக்கு ஷெரீஃபின் போலீஸ் வண்டி வந்துசேர முக்கால் மணி நேரம் ஆகும். அவளுக்கு இருந்ததெல்லாம் ஐந்து தோட்டா பிடிக்கும் ஒரு ரிவால்வரும், இந்த அக்காவும்தான்.

இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள்! தற்காப்புக்கென்று கடையில் விற்கிற தோட்டாவைப் பழகுவதற்குச் சுட்டுத் தள்ள யாருக்குக் கட்டுப்படியாகும்? அதனால் லொரீன் ஆறு வாரமாகக் கராஜிலேயே கிடந்து, சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவி, மருந்தளந்து, கடைத் தோட்டாவின் அதே எடை, அதே உதையோடு தங்கைக்கு நிரப்பிக் கொடுத்தாள். டம்மிகளையும் அச்சு அசலாக அப்படியே செய்து நடுநடுவே கலந்தாள்.

மத்தியானத்துக்குள் ஷெல்பி தேறிவிட்டாள். டம்மி வந்தபோது கை அசையவில்லை. நிஜம் வந்தபோது தட்டு கணீரென்றது.

“அப்படிப் போடு!” ரிவால்வரை வாங்கிய லொரீன் திரும்பி நின்று தோட்டா உருளையை நிரப்பி மூடினாள். “இந்தா, கடைத் தோட்டா அஞ்சு. வந்தான்னா பேச்சு குடுக்காத, அழுத்து.”

“உன்கூடவே இருந்துடட்டுமாக்கா?”

“லூசு, இங்கதான் முதல்ல தேடுவான். உன் வீட்டுக்குப் போ. கதவைப் பாத்து உக்காரு.”

ஷெல்பியின் கட்டைவிரல் உருளையைத் திறக்கப் போனது. பெற்ற தாயே கொடுத்தாலும் திறந்து பார்த்துத்தான் வாங்குவார்கள் அந்த ஊரில்.

“என்னடி, என் மேலயே சந்தேகமா?” லொரீனின் முகம் சுருங்கிவிட்டது.

ஷெல்பிக்கு வெட்கமாகப் போயிற்று. திறக்காமலே துப்பாக்கியை உறையில் செருகிக்கொண்டு அக்காவைக் கட்டிப்பிடித்தாள். லொரீனின் சட்டைப் பையில் தோட்டாக்கள் கலகலத்தன.

“நீ மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்?”

“அழாம போடி. வண்டியைப் பாத்து ஓட்டு.”

பிக்கப் கிளப்பிய புழுதி அடங்கும்வரை லொரீன் கையசைத்துக்கொண்டே நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

“கிளம்பு, டேரல் கண்ணு. அஞ்சும் டம்மி.”