விற்றுத் தீர்ந்த புத்தகம்

“தீர்ந்துபோச்சுண்ணே” என்றான் அவள் கணவன்.

அவள் மேஜைக்குக் கீழே காலை நீட்டிப் பார்த்தாள். அட்டைப்பெட்டி அங்கேதான் இருந்தது.

கடலூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், படக்கதைகள் மட்டும் விற்கும் கடை. வந்திருந்தவர் கண்டக்டர். படியேறி ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“மத்தியானம் எப்ப வந்தாலும் இதையே சொல்றீங்க. அன்னைக்கு நின்னுக்கிட்டே பாதி படிச்சேன், வண்டிய எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு படகோட கரைக்கு வந்துச்சா இல்லையா, அதையாவது சொல்லுங்க சார்.”

அவன் சிரித்தான். பார்சலைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தான்.

அந்தப் படகையும் பெண்ணையும் வரைந்தவன் அவன்தான்.

மத்தியானத்தில் அவள் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவாள். இன்றுதான் போகவில்லை.

எது தீர்ந்தது, எதை மறுபடி வரவழைப்பது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. அவள்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

அச்சாகி வந்த புதிதில் அவன் புத்தகம் ஒன்றுகூடப் போகவில்லை. தினமும் தூசி தட்டி அதே இடத்தில் வைப்பான். ஒருநாள் இரண்டாம் பாகத்துக்கான தாள்களைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டான்.

அதன்பிறகுதான் அலமாரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பெட்டிக்குள் திணிக்கத் தொடங்கினாள். “போயிடுச்சுங்க” என்பாள். அலமாரி காலியானது. பரணிலிருந்து தாள்கள் இறங்கின. மனிதன் சீட்டியடித்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டான்.

மறுபடி அச்சடிக்கலாமா என்று கேட்டுவிடுவானோ என்று பயந்துகொண்டே இருந்தாள். ஏனோ அவன் கேட்கவே இல்லை.

பார்சலுக்குள் கிடந்த ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எந்தப் பார்சல் வந்தாலும் இதே வேலைதான். இதையெல்லாம் சேர்த்து சாம்பாரா வைக்கப்போறீங்க என்று அவளும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாள்.

கீழே ஹாரன் அடித்தது.

கண்டக்டர் வாசலை நோக்கித் திரும்பினார். இந்தப் புத்தகத்தைத் தேடிப் படியேறிய ஒரே மனிதர். அவரை வெறுங்கையோடு அனுப்பினால் அவள் சொன்ன பொய் பிழைக்கும். அந்தப் புத்தகம் விற்கவே விற்காது என்று முடிவுகட்டிய முதல் ஆள் தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

“இருங்கண்ணே.”

கணவனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை வராது. குனிந்து பெட்டியை வெளியே இழுத்து மூடியைத் திறந்தாள்.

கைக்கு வந்தபடி அவள் திணித்த மாதிரி இல்லை புத்தகங்கள். எல்லாம் நேராக, ஓரம் மடங்காமல் அடுக்கப்பட்டிருந்தன. கடல்காற்றுக்கு ஒரு தாளில்கூடப் பூஞ்சை பூக்கவில்லை.

ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நிமிரவே தோன்றவில்லை.

அவன் அருகில் வந்து குனிந்தான். மேலே இருந்த பொட்டலத்தை நகர்த்திவிட்டுப் புத்தகத்தை எடுத்து, சட்டையில் ஒருமுறை துடைத்துக் கண்டக்டரிடம் நீட்டினான்.

“புது ஸ்டாக்குண்ணே” என்றான். “இப்பத்தான் வந்துச்சு.”