ஒன்பது சுற்று டைட்டானியம்

"என்ன கம்பி வேணும் அன்ரி?"

கடைக்காரப் பொடியன் கேட்டதும் பிறேமா கண்ணாடிப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். கம்பியில் வகை இருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஜேர்மனியின் டோர்ட்மண்டில் பதினெட்டு வருடமாக உடுப்புத் திருத்தும் கடை நடத்துகிறவள். மின்சிகரெட் விற்கிற வேப் கடைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது இன்றைக்குத்தான்.

வந்த காரியம் வேறு. மகள் அன்ரனிற்றா ஒரு பொடியனை விரும்புகிறாள். 'ஸ்ரேசனடி வேப் கடையில நிக்கிற பொடியனாம்' என்று பூசை முடிந்து வரும்போது ஒருத்தி காதில் போட்டாள். அன்றிலிருந்து பிறேமா ஒற்றைக்காலில் நின்றாள். புகை விற்கிறவனுக்குப் பிள்ளையைக் கொடுக்க ஏலாது. மகள் அவனுடைய படத்தைக் காட்ட வந்தபோது முகத்தைத் திருப்பினாள். பெயரைச் சொல்ல வாயெடுத்தபோது காதைப் பொத்தினாள். நேற்று மகள் அழுது வீங்கிய கண்ணோடு, ஒருக்கா நேரில் பார்த்துவிட்டாவது வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றாள். அது மனதைக் குடைந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டாள்.

கடைக்குள் நுழைந்ததுமே, சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறின மனிசனுக்கு, கருவிக்குள் சூடாகிப் புகை தருகிற கம்பி வாங்க வந்தேன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டிருந்தாள். வீட்டில் புருசன் பேனாட் சாம்பிராணிப் புகைக்கே இருமுகிற ஆள்.

பொடியன் கைக்கு வந்ததை எடுத்து நீட்டவில்லை. கருவியில் வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது என்று தலையாட்டினாள். தோலுக்கு ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டான். அதற்கு மட்டும் உண்மை வந்தது. மலிவு மணிக்கூட்டுப் பட்டி கட்டினால் பேனாட்டின் மணிக்கட்டு தடித்துப்போகும்.

அப்படியென்றால் நிக்கல் கலந்த கம்பி வேண்டாம், கலப்பில்லாத டைட்டானியம் நல்லது, பொயின்ற் நாலு மில்லிமீற்றர் போதும் என்றான் அவன். ஆனால் வெப்பநிலைக் கட்டுப்பாடு இல்லாத கருவியில் போடவே கூடாது, சிவக்கச் சூடாக்கவும் கூடாது. கருவியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் இன்றைக்கு வாங்காமல் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்றும் சொன்னான். வருகிற ஆளைத் திருப்பி அனுப்பத் துணிகிற வியாபாரி! பிறேமாவுக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது.

கம்பியைச் சுருளாகச் சுற்றித்தான் கருவிக்குள் போடவேண்டுமாம். சுற்றிப் பழகட்டும் என்று கொஞ்சக் கம்பியும், மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு சிறிய கோலும் கொடுத்து, மூலையில் இருந்த மேசையைக் காட்டிவிட்டு, அவன் அடுத்த ஆளைக் கவனிக்கப் போனான்.

மேசையில் தாடிக்காரத் தமிழ்ப் பொடியன் ஒருவன் தன் கருவியைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான்.

டைட்டானியம் சொல்வழி கேட்கவில்லை. சுற்றிவிட்டுக் கையை எடுத்ததும் டிங்கென்று விரிந்தது. இரண்டாம் தரம் ஒரு சுற்று மற்றதன்மேல் ஏறியது. பிறேமாவுக்கு ரோசம் வந்தது. எத்தனை ஆயிரம் நூல்கட்டை சுற்றின கை இது!

"தம்பி, இந்த நுனியை ஒருக்கா இழுத்துப் பிடியும்."

அவன் குறட்டால் பிடித்தான். அவள் சுற்றினாள். சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. ஐந்து, ஆறு, ஏழு... ஒன்பதாவது சுற்றில் கையை எடுத்தாள். அசையவில்லை! பிறேமாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போலச் சிரிப்பு வந்தது. இன்னொன்று, இன்னொன்று என்று நாலு சுருளை வரிசையாக வைத்து அழகு பார்த்தாள். அந்தச் சந்தோசத்தில் வாய்ப்பூட்டும் கழன்றது. கடைக்காரன் பக்கம் கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். நான் கம்பி வாங்க வரேல்லை. என்ர மகள் அன்ரனிற்றாவுக்கு அந்தப் பொடியனைப் பாக்க வந்தனான்."

குறடு நழுவி மேசைக்குக் கீழே விழுந்தது. தாடிக்காரன் குனிந்தான், எடுத்துக்கொண்டு நிமிர நெடுநேரம் ஆனது. முகம் சிவந்திருந்தது.

"அவரைப் பிடிச்சிருக்கோ அன்ரி?"

பிடித்திருந்தது. பொய் சொல்லி விற்காத பிள்ளை, பொறுமைசாலி, முகத்தில் ஒரு அமைதி என்று அடுக்கினாள். உம்மைப் போலக் கழுத்தெல்லாம் பச்சை குத்தினவன் என்றால் வாசலோடு திரும்பியிருப்பேன் என்றும் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். அவன் கோபிக்கவில்லை. கொலரை மெல்ல உயர்த்திவிட்டு, அடுத்த கம்பியின் நுனியைப் பிடித்தான்.

பாவமாக இருந்தது. புறப்படும்போது தோளில் தட்டினாள். "குறை நினையாதையும் தம்பி. உம்மட கையில நடுக்கமும் இல்லை, மனசில கள்ளமும் இல்லை. உமக்கு வரப்போற மாமி குடுத்து வைச்சவ."

வீட்டுக்குள் நுழைந்த பிறேமா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கடைக்குப் போனதையும் பொடியனோடு கதைத்ததையும் ஒரே மூச்சில் மகளிடம் கொட்டினாள். "எனக்குச் சம்மதம் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லு."

அன்ரனிற்றா தாயைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய உடம்பு குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று நினைத்து பிறேமா முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கடைக்காரர் சுலக்ஷன் அண்ணைக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு பிள்ளையள். நான் விரும்புற லூக்காஸ் வேலை முடிஞ்சு அங்கை போய் நிக்கிறவர். இண்டைக்கு ஒரு மணித்தியாலமா உங்களுக்குக் கம்பி பிடிச்சுக் குடுத்தவராம்."